தெருக்கோடி மூடிக்கடை

“மூடியை மட்டும் வித்துக்கிட்டு ஒரு மனுசன் எத்தனை காலத்துக்கு இருக்க முடியும், சாமி?”

படித்துறைச் சாமி வேட்டி துவைத்துக்கொண்டிருந்தார். கல்லில் ஓர் அடி அடித்தார். திரும்ப ஆற்றில் முக்கினார்.

“ஏல, உன்னத்தான் கேக்கேன்!”

இதற்குச் சாமி திரும்பிப் பார்த்தார்.

திரவியம் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவருக்கு இது வழக்கமான சங்கடம். இந்த ஆற்றங்கரை மண்டபத்துக்குள் வரும்போது எதிரே இருப்பவர் சாமி. பேச்சு சூடேறினால் அதே ஆள் பழைய உலகநாதன் ஆகிவிடுவார். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒரே கணக்கு வாத்தியாரிடம் ஒரே பிரம்பால் அடி வாங்கியவர்கள். அப்படிப்பட்டவனை, காவி கட்டிவிட்டான் என்பதற்காக முழு நேரமும் சாமி என்று கூப்பிட நல்ல பயிற்சி வேண்டும்.

உலகநாதன் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்தவர். கல்யாணம் காட்சி இல்லை. ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் தாமிரபரணிக் கரையில் இருக்கும் இந்த மண்டபத்துக்கு வந்தார். வந்தவர் வந்தவர்தான். ஏன் என்று கேட்டவர்களிடம் “இங்கன காத்து நல்லாருக்கு” என்றார். ஊர் அதையே பெரிய உபதேசமாக எடுத்துக்கொண்டது.

“உன் குறை என்ன?” என்று கேட்டார் சாமி.

“என் வயசுக்காரனுவ எல்லாம் மாடிக்கு மேல மாடி கட்டிட்டானுவ. நான் இன்னும் மூடி விக்கேன். ஒரு கல்யாண வீட்டுல பக்கத்து இலைக்காரர் என்ன தொழில்னு கேட்டாரு. மூடி வியாபாரம்னேன். சிரிச்ச சிரிப்புல பாயசம் மூக்குல ஏறிட்டு.”

“யாருக்கு?”

“அவருக்குத்தான்.”

“அப்ப உனக்கு என்ன கஷ்டம்?”

“விளையாடாதீங்க சாமி. பாத்திரமும் சேத்துப் போடலாம்னு இருக்கேன். எல்லாரையும் போல முழுக்கடையா. ஒரு வாக்குக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

சாமி வேட்டியின் ஒரு முனையைத் திரவியத்திடம் நீட்டினார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கினார்கள். தண்ணீர் படியில் கொட்டியது.

“உன் கடைக்கு வாரவங்க எந்த வழியா வாராங்கன்னு பாத்திருக்கியா?”

“இல்ல.”

“பாரு.”

அவ்வளவுதான். சாமி வேட்டியை உதறிக் காயப்போடப் போய்விட்டார்.

*

பாத்திரக்கடைத் தெரு ஒரு முட்டுச்சந்து. ஒரு முனையில் பெரிய ரோடு. மறுமுனையில் தெப்பக்குளத்தின் மதில். இரண்டு பக்கமும் பாத்திரக்கடைகள். மதிலை ஒட்டி, கடைசிக் கடை, திரவியத்தினுடையது.

அங்கே குடம் கிடையாது. தட்டு, தம்ளர் கிடையாது. குங்குமச் செப்பின் மூடியிலிருந்து கல்யாண அண்டாவின் மூடி வரை, மூடிகள் மட்டும்தான்.

ஆரம்பித்தது அவருடைய அப்பா பொன்னையா. அவர் அந்தத் தெருவின் பெரிய கடையில் சம்பளத்துக்கு இருந்தவர். கடையின் பின்கட்டில் துணையில்லாத மூடிகள் குவிந்து கிடக்கும். பாத்திரம் நசுங்கிப்போய் மூடி மட்டும் மிஞ்சியிருக்கும். அல்லது வண்டியில் வரும்போதே ஜோடி மாறியிருக்கும். முதலாளி அதையெல்லாம் எடைக்குப் போடப் பார்த்தார்.

“எனக்குத் தாங்க மொதலாளி. இதுகளுக்கு உள்ள பாத்திரம் எங்கயாவது இருக்கும்லா” என்றார் பொன்னையா.

முதலாளி சிரித்துக்கொண்டே கொடுத்தார். தெருக்கோடியில் சும்மா கிடந்த ஓர் அறையையும் பேசி முடித்துத் தந்தார். மற்றக் கடைக்காரர்களும் இதுதான் சாக்கு என்று தங்கள் பின்கட்டுகளைக் காலி செய்தார்கள். பொன்னையா மூடிக்கடைக்காரர் ஆனார்.

மூடி வாங்க யார் வருவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

வந்தார்கள். அந்தக் காலத்தில் பெண்ணுக்குச் சீர் கொடுத்தால் ஒவ்வொரு பாத்திரத்திலும் பெயர் வெட்டிக் கொடுப்பார்கள். அம்மா பெயர், தாத்தா பெயர், தேதி. மூடி தொலைந்துவிட்டது என்பதற்காக அதை எந்தப் பெண் தூக்கிப் போடுவாள்? மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வருவார்கள். ஆலங்குளத்திலிருந்து வருவார்கள். திசையன்விளையிலிருந்து வருவார்கள்.

பொன்னையாவிடம் ஒரு சட்டம் உண்டு. பாத்திரம் வராமல் மூடி கிடையாது. நூலால் அளந்து கொண்டுவந்தாலும் தரமாட்டார். “மாப்பிள்ளை வராம தாலி கட்ட முடியுமா?” என்பார். பொருத்தமான மூடி கிடைத்ததும் உடனே மூடிக் கொடுக்கவும் மாட்டார். வெறும் பாத்திரத்தை மூடக்கூடாது. ஒரு துண்டு கருப்பட்டியை உள்ளே போட்டு, பிறகு மூடி, இரண்டு கையாலும் எடுத்துக் கொடுப்பார்.

திரவியத்துக்கு இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தத் தெரு கேட்கும். பெயர் வெட்டுகிறவர்களின் உளிச் சத்தம் கடைக்குக் கடை மாறிமாறி ஒலிக்கும். யாரோ ஒரு குடத்தைத் தவறவிட்டால் அது உருண்டு நிற்கும்வரை தெருவே பேச்சை நிறுத்தும். பதினோரு மணிக்கு ஓட்டலிலிருந்து ஒரு தூக்குவாளியில் காப்பி வரும். எல்லா முதலாளிகளும் பெரிய கடை வாசலில் கூடுவார்கள். அப்பாவும் போவார். அப்பா போய்விட்ட பிறகு திரவியம் போனார். அந்தக் காப்பிதான் காப்பி. எத்தனையோ ஓட்டல்களில் குடித்துப் பார்த்துவிட்டார், அந்த ருசி வேறெங்கும் இல்லை.

பெரிய கடையில் இப்போது இருப்பது பழைய முதலாளியின் மகன் ராசாமணி. திரவியத்துக்குக் கொஞ்சம் மூத்தவர். தெருவுக்கே அண்ணாச்சி.

*

சாமி சொன்னபடி திரவியம் வழியைப் பார்த்தார்.

வேலை மெனக்கெட்டுக் கடைவாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார். வருகிறவர்கள் எல்லோரும் ரோட்டுப் பக்கமிருந்து தெருவுக்குள் நுழைகிறார்கள். எல்லாக் கடைகளையும் தாண்டுகிறார்கள். கடைசியாகத்தான் அவரிடம் வருகிறார்கள். சிலர் பாதியிலேயே திரும்பியும் விடுகிறார்கள்.

திரவியத்துக்குச் சுளீரென்று உறைத்தது.

“நாம வாலுல உக்காந்திருக்கோம். தலையில இல்லா உக்காரணும்!” என்று வீட்டுக்கு வந்து மனைவி பிரமுவிடம் சொன்னார்.

பிரமு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “சாமி வழியைத்தானே பாக்கச் சொன்னாரு. கடையையா பாக்கச் சொன்னாரு?”

“உனக்கு அதெல்லாம் புரியாது. பெரியவங்க பேச்சு அப்படித்தான் சுத்தி வளைச்சு இருக்கும்.”

“நேத்துவரைக்கும் அவரை உலகநாதன் பயன்னு சொன்னீங்க.”

“அது நேத்து.”

தெருமுனையில், ரோட்டைப் பார்த்த மாதிரி, ஒரு கடை காலியாக இருந்தது. திரவியம் பிடித்துவிட்டார். கண்ணாடிக் கதவு போட்டார். வாசலில் சீரியல் லைட் தொங்கியது. ‘பொன்னையா பாத்திர மாளிகை’ என்று அப்பா பெயரிலேயே போர்டு வைத்தார். உள்ளே எவர்சில்வர் குடங்கள் கூரைவரை ஏறின. இடம் போதாமல் மூடிகளைப் பரணில் ஏற்றினார். தெருக்கோடிக் கடையை அடைத்து, சாவியைப் பிரமுவிடம் கொடுத்தார்.

திறப்பு விழாவுக்குத் தெருவே வந்தது. ராசாமணி அண்ணாச்சி ஒரு குத்துவிளக்குக் கொண்டுவந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய திருநீறு.

“நல்லா வரணும் வே” என்று திரவியத்தின் தோளைத் தட்டினார்.

நல்ல மனசோடுதான் சொன்னார். அதில் சந்தேகம் இல்லை.

*

ஆரம்பத்தில் கூட்டம்தான். புதுக்கடை என்றால் நம் ஊர் ஜனம் ஒரு எட்டு பார்த்துவிட்டுத்தான் போகும். பார்த்தார்கள். விலை கேட்டார்கள். பிறகு தங்கள் அம்மாவுக்கும் மாமியாருக்கும் வாடிக்கையான கடைகளுக்கே உள்ளே நடந்து போய்விட்டார்கள். ராசாமணி கடையில் பாட்டன் காலத்துப் பழக்கம். அதை விட்டுவிட்டு யார் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வருவார்கள்?

அது போகட்டும். மூடிக்கு வருகிறவர்கள் எங்கே?

திரவியம் அதைத்தான் யோசித்து யோசித்துப் பார்த்தார். மூட்டையோடு பஸ்ஸை விட்டு இறங்கும் பெண்களைப் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது. பின்கட்டு மூடிகளைக் கொண்டுவந்து தருகிற கடைக்காரர்களும் தருவதில்லை. பதினோரு மணிக்கு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. முனையிலிருந்து அவ்வளவு தூரம் கூப்பிட முடியாது என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டார். முன்பு கடைக்கோடிக்கே கூப்பிட்டார்கள் என்பதை வசதியாக மறந்தார்.

ஒருநாள் திரவியம் ராசாமணி கடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். கடைவாசலில் ஒரு பெண் நின்றாள். கையில், பலகாரம் போட்டு வைக்கிற பழைய பித்தளைச் சம்படம். வயிற்றுப் பக்கத்தில் ‘உச்சிமாகாளி’ என்று பெயர் வெட்டியிருந்தது.

“எங்க அம்மைக்கு உள்ளது அண்ணாச்சி. மூடி மட்டும் எங்கயோ போயிட்டு” என்றாள் அவள்.

“மூடி மட்டும் தனியா எங்கயும் கிடைக்காதும்மா” என்றார் ராசாமணி. “புதுசு ஒண்ணு எடுத்துக்கிடுதியா?”

அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். சம்படத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு போனாள். உள்ளே எதுவும் இல்லாத சம்படம்தான். ஆனாலும் கையை எடுக்காமல் போனாள். முனையில் இருந்த பாத்திர மாளிகையை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

அதற்குச் சரியான மூடி பரணில், வலது மூலையில் இருந்தது. திரவியத்துக்குத் தெரியும். கூப்பிட வாய் வரவில்லை.

நேரே ராசாமணி கடையில் ஏறினார்.

“என்ன அண்ணாச்சி இது? நான் ஒருத்தன் குத்துக்கல்லு மாதிரி இருக்கது உங்க கண்ணுக்குத் தெரியலையா?”

“தெரியாம என்ன? முனையிலதான இருக்கீரு. வாரவங்களை எல்லாம் எங்களுக்கு முந்தி நீருதான் பாக்கீரு.”

“மூடி கேட்டா என்கிட்ட அனுப்ப வேண்டியதுதான?”

“அனுப்பலாம்” என்றார் ராசாமணி. “மூடியைக் குடுத்துட்டு, கூடவே புதுசா நல்ல தூக்குவாளி வந்திருக்குன்னு காட்ட மாட்டீரே?”

திரவியம் காட்டுவார். காட்டத்தானே கடை போட்டார்.

ராசாமணியின் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் திரவியம் பதிலுக்குக் கத்தியிருப்பார். மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

*

“எல்லாம் உன்னாலதாம்ல!”

மண்டபத்துக்குள் நுழையும்போதே திரவியம் ஆரம்பித்துவிட்டார். அன்றைக்குச் சாமி என்ற பேச்சே இல்லை.

சாமி காக்கைக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார். “நான் என்ன செஞ்சேன்?”

“வழியைப் பாக்கச் சொன்னேல்லா? பாத்தேன். எல்லாரும் தெருமுனை வழியாத்தான் வாராங்கன்னு கண்டுபிடிச்சேன். அங்கன போயி உக்காந்தேன். உள்ளதும் போச்சு!”

“முனையில இருந்து உன் கடைக்கு எப்படி வருவாங்க?”

“எப்படி வருவாங்க? நடந்துதான்.”

“நேரா வருவாங்களா?”

“நேரா எப்படி வருவாங்க? அவங்களுக்கு என்னத்தத் தெரியும்? முதல்ல ராசாமணி அண்ணாச்சி கடையில ஏறுவாங்க. இல்லன்னா பக்கத்துல மீரான் பாய் கடையில. மூடி இருக்கான்னு கேப்பாங்க. உடனே அவங்க...”

திரவியத்தின் வலது கை தன்னால் உயர்ந்தது. ‘அந்தா கடைசிக் கடை’ என்று அண்ணாச்சி காட்டுவது போலவே சுட்டுவிரல் நீண்டது. மீரான் பாயும் அப்படித்தான் காட்டுவார். எதிர்ச்சாரிக் கடைகளும் அப்படித்தான். அப்பா காலத்திலிருந்து அந்தத் தெருவில் எத்தனை கைகள் அப்படி நீண்டிருக்கும்!

நீண்ட விரல் அப்படியே நின்றது.

சாமி அந்த விரலைப் பிடித்து மெதுவாக மடக்கிவிட்டார்.

“காத்து நல்லாருக்கு” என்றார். “கொஞ்ச நேரம் இரு.”

திரவியம் இருந்தார். ஆற்றைப் பார்த்துக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதார்.

*

கண்ணாடிக் கதவு கழன்றது. குடங்களை வாங்கிய இடத்துக்கே திருப்பினார். போர்டு இறங்கியது. பரணிலிருந்து மூடிகள் இறங்கி, தெருக்கோடிக்குத் திரும்பின. பிரமு கடையைக் கழுவிவிட்டு வாசலில் கோலம் போட்டாள்.

“அங்கனயே இருந்திருக்கலாம்” என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் சொல்லாதது அவளுடைய பெருந்தன்மை.

திரவியம் பழைய இடத்தில் பழைய மூடிகளோடு உட்கார்ந்தார். தெருவின் சத்தம் முன்பைப் போல இல்லை. பெயர் வெட்ட மெஷின் வந்துவிட்டது. ஆனாலும் மதிலுக்கு அந்தப் பக்கம் குளத்தில் யாரோ குளிக்கும் சத்தம் அதே மாதிரி வந்தது. அப்பா உட்கார்ந்த பலகையில் அப்பாவின் பள்ளம் இருந்தது. அதில் உட்கார்ந்ததும் வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

ஆனால் ஆள் வரவில்லை.

கார்த்திகை போய் மார்கழி வந்தது. ஒருத்தரும் அனுப்பவில்லை. கடைக்காரர்கள் பார்த்தால் தலையசைத்தார்கள். அவ்வளவுதான். ஒரு முறை முனைக்குப் போனவன் மறுபடியும் போகமாட்டான் என்று என்ன நிச்சயம்?

செல்போன் கடைக்காரர் ஒருவர் சரக்கு வைக்க அந்த அறையைக் கேட்டார். சென்னையிலிருந்து மகள் போன் செய்தாள். “போதும்ப்பா, ரெண்டு பேரும் இங்க வந்துருங்க” என்றாள். அவள் ஃபிளாட்டில் பால்கனி உண்டு. அங்கே உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். பொங்கலுக்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் சாவியைக் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. முடிவு செய்த அன்றைக்குத் திரவியத்துக்குச் சோறு இறங்கவில்லை. பால்கனியில் உட்கார்ந்து சாகிறவரைக்கும் பேப்பர் படிப்பதா?

மறுநாள் விடியும்போதே மண்டபத்துக்குப் போனார்.

“சாமி” என்றார். இந்த முறை அடக்கமாகவே வந்தது அந்தச் சொல். “எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன். பாத்திரம் கிடையாது. மூடி மட்டும்தான். அப்பா வச்ச மாதிரியே இருக்கேன். ஆனா ஒருத்தரும் என்கிட்ட ஆள் அனுப்ப மாட்டக்காங்க.”

சாமி குளித்துவிட்டு ஈரத்தோடு படியேறிக்கொண்டிருந்தார். நின்றார்.

“நீ யாரை அனுப்புன?”

“நானா?”

“ம்.”

“நான் மூடிக்கடைக்காரன். நான் யாரை எங்க அனுப்ப?”

சாமி தலையைத் துவட்டத் தொடங்கினார்.

திரவியம் கிளம்பினார். செருப்பை மாட்டப் போனார். ஒரு செருப்பை மாட்டியவர் இன்னொன்றை மாட்டாமல் அப்படியே நின்றுவிட்டார்.

அப்பாவின் முகம் வந்திருந்தது. அப்பா கடையில் யாராவது கரண்டி கேட்பார்கள். செம்பு கேட்பார்கள். கடைசிக் கடை வரைக்கும் வந்தவர்கள் எதையாவது கேட்கத்தானே செய்வார்கள்? அப்பா ‘இல்லை’ என்று சொல்லி திரவியம் கேட்டதே இல்லை. பலகையை விட்டு இறங்குவார். வேட்டியை மடித்துக் கட்டுவார். அவர்களோடு நடப்பார். வெயிலோ மழையோ, அந்தப் பொருள் விற்கிற கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, “நம்ம ஆளு, பாத்துக் குடுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் திரும்புவார். வேலையில்லாத மனுசன் என்று சின்ன வயதில் திரவியத்துக்கு அதில் எரிச்சல்கூட உண்டு.

திரவியம் கடையில் உட்கார்ந்த பிறகும் கேட்டார்கள். கரண்டி கேட்டார்கள், செம்பு கேட்டார்கள்.

“இங்க மூடி மட்டும்தான்” என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரைப் பிரித்துக்கொள்வார். இத்தனை வருஷமும் அதைத்தான் செய்தார்.

“வாரேன்” என்றார் சாமியிடம்.



*

அன்றைக்கு மதியம் ஒரு பெண் வழிதவறினவள் மாதிரி தெருக்கோடிக்கு வந்தாள். புதுத்தாலி. பக்கத்தில் கணவன், கையில் பை.

“இட்லிக் கொப்பரை இருக்கா?”

இருந்தது. முனைக்கடைச் சரக்கில் ஒரே ஒரு கொப்பரை மிஞ்சி, பலகைக்கு அடியில் காகிதம் சுற்றியபடி கிடந்தது. கை நீட்டினால் எடுத்துவிடலாம். இத்தனை நாளில் கடைக்கு வந்த முதல் ஆட்கள் இவர்கள்.

திரவியம் பலகையை விட்டு இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

“வாங்க” என்றார்.

இருவரும் பின்னால் வந்தார்கள். எதற்கு என்று அவர்களுக்குப் புரியவில்லை. கடைவாசலில் நின்ற மீரான் பாய் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எதிர்ச்சாரியில் ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். திரவியத்துக்குக் காது சுட்டது. அந்தச் சின்னத் தெரு அன்றைக்கு முடியாமல் நீண்டது.

திரவியம் போய் ராசாமணியின் கடை வாசலில் நின்றார்.

“அண்ணாச்சி, இட்லிக் கொப்பரை வேணுமாம். நம்ம ஆளுவ. பாத்துக் குடுங்க.”

ராசாமணி உட்கார்ந்தபடியே நிமிர்ந்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் கணவனைப் பார்த்தார். கடைசியாகத் திரவியத்தைப் பார்த்தார்.

“உம்மகிட்ட ஒண்ணு கிடக்கணுமே வே. பலகைக்கு அடியில.”

தெருவில் எவர் கடையில் என்ன கிடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

“கிடக்கு” என்றார் திரவியம். “அதை வீட்டுக்கு எடுத்துக்கிடுதேன். நான் மூடிக்கடைக்காரன்.”

ராசாமணி எழுந்தார். அவராக எழுந்து சரக்கு எடுப்பது அபூர்வம். மேல்தட்டிலிருந்து ஒரு கொப்பரையை இறக்கினார். துண்டால் துடைத்தார். தட்டுகளை எடுத்துக் காட்டினார். பெண் தலையாட்டினாள். கணவனும் தலையாட்டினான். இருவருக்கும் பிடித்துவிட்டது.

திரவியம் திரும்பப் போகக் காலெடுத்தார்.

“நில்லும்” என்றார் ராசாமணி.

கொப்பரையின் மூடியைக் கழற்றினார். அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் முதுகுக்குப் பின்னால், அலமாரிக்குள் தள்ளி, அலமாரியைச் சாத்தினார்.

“மூடி இல்லாம விலை போட்டுக்கிடுதேம்மா” என்றார் அந்தப் பெண்ணிடம். “மூடி மட்டும் கடைசிக் கடையில வாங்கிக்கிடுங்க.”

“மூடிதான் உள்ள வச்சிட்டீங்களே அண்ணாச்சி?”

“அதுவா? அது இதுக்கு உள்ளது இல்ல. சரியா உக்காராது.”

அவள் கணவனைப் பார்த்தாள். கணவன் ராசாமணியைப் பார்த்தான். ராசாமணி இருவரையும் கவனிக்காமல் திரவியத்தின் பக்கம் திரும்பி அதட்டினார்.

“இங்கன என்ன வே நிக்கீரு? கடைக்கு ஆள் வருது, ஓடும்!”